தோணாவில சுறாப்பல்லு கிடைக்குமா?

கேள்வி: சேர், என்ட தம்பி ஃபுளோரிடாவில இரிக்கான். அங்க ஓடையில மண்ண அரிச்சு எடுத்ததெண்டு நாலஞ்சு கறுப்புச் சுறாப்பல்லு மகனுக்கு அனுப்பியிருந்தான், அண்டையில இருந்து இவன் என்ட மா அரிக்கிற அரிதட்டத் தூக்கிட்டு பின்னேரமானா ஊர்த் தண்ணி கடலுக்கு வடியிற தோணாவுக்குள்ளதான் நிக்கான். முந்தாநாள் முக்கோணமா ஒரு கறுப்புத்துண்டு கொண்டு வந்து "உம்மா, சுறாப்பல்லு" எண்டான். படம் அனுப்பியிருக்கன். மெய்தானா?
- வாசகி, சாய்ந்தமருது

பதில்: தங்கச்சி, முதல்ல மாவுக்கு வேற அரிதட்டு வாங்குங்க, அந்தத் தோணாத் தண்ணி பட்டது இனி அடுப்படிக்கு வேணாம்.

படத்தப் பெருசாக்கிப் பாத்தன். உடைஞ்ச விளிம்புல உள்ளுக்கு செங்கல் நிறம் தெரியுது, கரி பிடிச்ச சட்டி ஓடுதான் போல. சுறாப்பல்லெண்டா அலகு கண்ணாடி மாதிரி மினுங்கும், வேர்ப்பக்கம் மங்கலா, சின்னச் சின்ன துளையோட, கவட்டை மாதிரி பிரிஞ்சு நிக்கும், சில இனத்துக்கு விளிம்புல நகத்த வச்சு இழுத்தா அரம் மாதிரி அரிக்கும்.

சுறாவுக்கு எலும்புக்கூடு குருத்தெலும்புதானே, அது அழுகிப் போயிரும், பல்லுதான் மிஞ்சும். ஒரு சுறா வாழ்நாள்ல ஆயிரக்கணக்கில பல்லு விழுத்தும். அது கடலடிச் சேத்துல புதைஞ்சு கனிமம் ஊறி ஊறித்தான் கறுக்கிற. ஃபுளோரிடா ஒரு காலத்துல கடலுக்குள்ள கிடந்த நிலம், கெயின்ஸ்வில் டவுனுக்குள்ள ஓடுற ஓடை அந்தப் பழைய கடலடி மண்ணத்தான் அறுத்துட்டுப் போகுது, அதால பெருமழை பெஞ்சு வடிஞ்சா கரையில புதுசா பல்லு கிடக்கும். அங்கத்த பீஸ் ஆத்துல மெகலடோன் பல்லும் எடுக்காங்க, 36 லட்சம் வருசத்துக்கு முந்தி அழிஞ்ச ராட்சத சுறா, பெரிய பல்லு 15 சென்ரிமீற்றருக்கும் மேல, உங்கட மகன்ட உள்ளங்கைக்குள்ள அடங்காது.

நம்மட பக்கம் கத வேற. மட்டக்களப்பு அம்பாறைக்குக் கீழ கிடக்கிறது விஜயன் தொகுதிப் பாறை, சுறா எண்ட ஒண்டு உலகத்துல வர முந்தியே சூட்டுலயும் அமுக்கத்துலயும் வெந்து உருமாறின கல்லு. அதுக்குள்ள எங்க பல்லு இரிக்கிற? கல்லோயா ஆத்து மண்ண அரிச்சாலும் வெள்ளக்கல்லும் மணலும்தான் வரும். இலங்கையில மயோசின் காலத்து (கோடி வருசத்துக்கும் மேல பழைய காலம்) கடல் உயிர்ச்சுவடு வேணுமெண்டா யாழ்ப்பாணத்துல இருந்து புத்தளம் வரைக்கும் போற சுண்ணக்கல்லுப் பக்கம் பாக்கோணும். தெற்கால மினிஹாகல்கந்தவிலயும் இரிக்கி, ஆனா அது யால பூங்காவுக்குள்ள, ஒரு கல்லக் கூட எடுக்கேலா.

புள்ளய ஏசாதீங்க. கல்முனை மீன் சந்தையில சொல்லி வச்சு ஒரு சின்னச் சுறாத் தல வாங்குங்க, அவிச்சு சதைய எடுத்தா தாடைக்குள்ள பல்லு வரிசை வரிசையா உள்பக்கம் மடங்கிக் கிடக்கும், முன்னால உள்ளது விழ பின்னால உள்ளது நகந்து வாறதுக்கு. மறுகா மாமா அனுப்பின கறுப்புப் பல்ல பக்கத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. கை மட்டும் கவனம், புதுப்பல்லு பிளேட் மாதிரி வெட்டும்.