கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஆன்டிபாடி செய்யும் வேலையைப் பிளாஸ்டிக்கே செய்யுமாமே, நிஜமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: நிஜம்தான். உடம்புக்குள் வரும் கிருமி, விஷம் போன்றவற்றைத் தேடிப் பிடிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. பிடிக்க வேண்டிய மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை (பிளாஸ்டிக் இந்த வகைதான்) வளர்த்து, பிறகு அந்த மூலக்கூறைக் கழுவி எடுத்துவிட்டால், அதே வடிவில் குழி மிஞ்சும். அதே மூலக்கூறு மறுபடி வந்தால் அந்தக் குழியில் மாட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப் 1972-லேயே இதைத் தொடங்கிவிட்டார். சின்ன மூலக்கூறுகளிடம் பலித்த வித்தை, புரதத்திடம் வந்ததும் திணறியது. புரதம் பெரிசு, இறுகிய பாலிமருக்குள் மாட்டினால் லேசில் வெளியே வராது. போதாததற்கு, பாலிமர் செய்யப் பயன்படும் கரிமக் கரைப்பானில் போட்டால் பெரும்பாலும் உருவமே குலைந்துவிடும். குலைந்த உருவத்துக்கு அச்செடுத்து என்ன பயன்? அதனால் புரதத்தின் ஒரு துண்டை மட்டும் அச்செடுக்கிறார்கள். அப்புறம் முழுப் புரதமும் அந்தத் துண்டால் மாட்டிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்!

எனக்குப் பிடித்தது, கலிஃபோர்னியாவில் கென்னத் ஷே குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு. தேனீ விஷத்திலுள்ள மெலிட்டின் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். அதற்கு அச்செடுத்த நானோ துகள்களை, மெலிட்டின் ஏற்றிய சுண்டெலிகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள். அவை விஷத்தைப் பிடித்துக்கொண்டு கல்லீரலில் போய்ச் சேர்ந்தன. மெலிட்டினில் இருப்பதே 26 அமினோ அமிலம், அது புரதத்தைவிடச் சின்னதான வெறும் பெப்டைடுதானே என்று உங்கள் பேராசிரியர் மடக்குவார். சரி, மடக்கட்டும்; ஓடும் ரத்தத்தில் அத்தனை புரதங்களுக்கு நடுவே அதைப் பிடித்ததே பெரிய விஷயம்.