குதிரை லாடத்தை எவ்வளவு சூடாக்க வேண்டும்? சூட்டோடு குளம்பில் வைத்தால் வலிக்காதா?

புகை கிளம்பும் வீடியோ எதையாவது பார்த்துப் பதறித்தான் கேட்டிருப்பீர்கள். வலிக்காது. குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி. நரம்பு கிடையாது, சூட்டையும் லேசில் கடத்தாது. அதுவும் இரண்டு மூன்று விநாடிக்குத்தான். அதற்கு மேல் அழுத்திப் பிடிக்கிறவன் தொழில் தெரியாதவன்.

வளைக்க ஒரு சூடு, வைத்துப் பார்க்க ஒரு சூடு. வளைப்பதற்கு உலையில் நல்ல ஆரஞ்சு நிறம் வரவேண்டும், சுமார் 1000 டிகிரி. வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். மங்கின சிவப்புக்கு இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தால் தோள்பட்டைதான் போகும். குளம்பில் வைக்கும்போது சிவப்பே தெரியக்கூடாது. சிலர் சிவப்போடு வைப்பார்கள், சண்டைக்கு வராதீர்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராணுவக் குதிரைகளுக்கு லாடம் அடித்து ஓய்வுபெற்றவர், அவர் விடமாட்டார். ரேஸ் குதிரையின் அலுமினிய லாடத்தை இப்படி நிறம் பார்த்துக் காய்ச்சாதீர்கள். நிறமே காட்டாமல் 660 டிகிரியில் உருகிவிடும்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலை செய்துகொண்டிருந்தேன். முடி பொசுங்கும் நாற்றம் வந்ததும் பிள்ளையைக் கூட்டிவந்த ஒருவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு, "வாயில்லா ஜீவனைச் சூடு வைக்கிறீங்களே" என்று கத்த ஆரம்பித்தார். அந்தப் பெட்டைக்குதிரையோ கீழுதடு தொங்க, பின்னங்காலை என் தொடையில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. "சார், இங்க வாங்க" என்று லாடத்தை எடுத்துவிட்டுக் குளம்பைக் காட்டினேன். சுவர் ஓரமெல்லாம் பழுப்புத் தடம். உட்பக்கக் குதிகாலில் மட்டும் தடமே இல்லை. அங்கே லாடம் உட்காரவில்லை. குளிர்ந்த லாடம் இதைக் காட்டிக்கொடுக்காது. அதற்காகச் சூட்டாலேயே குளம்பைக் கரைத்துச் சமமாக்கவும் கூடாது. மேட்டை அரத்தால் இழைத்தேன், லாடத்தை மறுபடி உலையில் போட்டுப் பட்டடையின் கூம்பு முனையில் அதன் குதிகால் பக்கத்தைக் கொஞ்சம் விரித்தேன். இந்தத் தடவை தடம் சுற்றிலும் ஒரே சீர். தண்ணீரில் முக்கி ஆற்றிய பிறகுதான் ஆணி. மனிதர் போனை இறக்கவேயில்லை.

உண்மையான கொடுமையை யாரும் வீடியோ எடுப்பதில்லை. ஆறு வாரத்தில் லாடம் மாற்றச் சொன்னால் மூன்று மாதம் இழுப்பார்கள். சேணத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர் என்னிடம், "பழைய லாடத்தையே திருப்பி அடிங்க, கூலியைக் குறைச்சுக்கோங்க" என்பார். தேய்ந்ததைக் கழற்றிப் போட்டால் மட்டும், வீட்டு வாசற்படியில் அடிக்கவென்று துடைத்துப் பத்திரமாக எடுத்துப்போவார்.