மைன்கிராஃப்ட் விளையாட்டின் சர்வைவல் முறையில் தூரப் பயணம் கிளம்பும்போது பையில் என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

பை நிறைய சாமான் எடுத்துப்போயும் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் திரும்ப வேண்டியதாகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பை நிறைந்திருப்பதால்தான் திரும்ப வேண்டியதாகிறது. இன்வென்டரியில், அதாவது பையில், மொத்தம் 36 கட்டம். அதில் 30 கட்டத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்பினால், முதல் குகையில் இரும்பு, ரெட்ஸ்டோன், நிலக்கரி, எலும்பு, நூல் என்று எடுத்த உடனேயே இடம் தீர்ந்துவிடும். வாசலைத் தாண்டும்போது 20 கட்டமாவது காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் கணக்கு.

நான் காசிமேட்டுக்காரன். சித்தப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஐஸ், டீசல், குடிதண்ணீர், அரிசி, மளிகை எல்லாம் படகில் ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். திரும்பி வருவதற்கான டீசலை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பேசுவார்கள். நாள் போகப் போக அரிசியும் தண்ணீரும் குறையும், மீன் ஏறும். மைன்கிராஃப்ட் பையையும் இந்தக் கணக்கில் கட்டினால் சரியாக வருகிறது. வழியில் செலவாகித் தீரும் பொருள் வேண்டும். போன இடத்தில் செய்துகொள்ள முடியாத பொருள் வேண்டும். இரண்டிலும் சேராதது வீட்டுச் செஸ்ட்டிலேயே (சாமான் பெட்டி) இருக்கட்டும்.

அப்படிப் பார்த்தால் என் பையில் இருப்பது இவ்வளவுதான்: வாள், வில், பிக்காக்ஸ், கோடரி, மண்வெட்டி, அம்பு, தண்ணீர் பக்கெட், சாப்பாடு, டார்ச், மரக்கட்டை, கோப்ள்ஸ்டோன் (உடைத்த கல்), பெட், படகு, நிலக்கரி, கொஞ்சம் இரும்பு. 15 கட்டம். ஷீல்டு இடது கைக் கட்டத்துக்குப் போய்விடும், இதில் சேராது. மிச்சம் 21.

கிராஃப்டிங் டேபிள் (பொருள் செய்யும் மேசை), ஃபர்னஸ் (உலை), செஸ்ட், ஏணி எதையும் எடுப்பதில்லை. மரக்கட்டை இருக்கும்போது அவை எதற்கு? ஒரு கட்டையிலிருந்து 4 பலகை. அந்த 4 பலகையே ஒரு கிராஃப்டிங் டேபிள். 8 பலகையில் ஒரு செஸ்ட், 5 பலகையில் ஒரு படகு. 64 கட்டை என்றால் 256 பலகை, அதுவும் ஒரே கட்டத்துக்குள். பலகையாக அறுத்து எடுத்துப்போனால் அதே அளவுக்கு 4 கட்டம் போய்விடும். ஃபர்னஸுக்கு 8 கோப்ள்ஸ்டோன் போதும். டார்ச் தீர்ந்தால் ஒரு நிலக்கரியும் ஒரு குச்சியும் சேர்த்தால் 4 கிடைக்கும். நிலக்கரியே கிடைக்காத இடமென்றால் கட்டையை ஃபர்னஸில் சுட்டுக் கரியாக்கிக்கொள்ளலாம். பாலைவனத்துக்கோ கடலுக்கோ போகிறீர்கள் என்றால் கட்டையை மட்டும் குறைக்காதீர்கள், அங்கே மரம் கிடைக்காது.

சாப்பாட்டில் பலர் பசிப் பட்டையை மட்டும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் சாச்சுரேஷன் என்று கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு ஓடுகிறது. அது தீர்ந்த பிறகுதான் பட்டை குறைய ஆரம்பிக்கும். பிரெட் பசிக்கு 5, சாச்சுரேஷன் 6. வறுத்த மாட்டிறைச்சி 8, 12.8. கோல்டன் கேரட் 6, 14.4. ஓடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் போகிற பயணத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பசி 20-க்கு 6 ஆகிவிட்டால் ஓட முடியாது, 18-க்குக் கீழே போனால் உயிர் தானாக ஏறாது. ஆரம்ப கட்டத்தில் மாட்டிறைச்சி, தங்கம் சேர்ந்த பிறகு கோல்டன் கேரட், இவ்வளவு போதும். நாலு வகைச் சாப்பாடு எடுத்துப்போய் நாலு கட்டத்தை அடைக்க வேண்டாம். கோதுமைத் தோட்டம் மட்டும்தான் இருக்கிறது என்றால் வைக்கோல் கட்டாக எடுத்துப்போங்கள். ஒரு கட்டில் 9 கோதுமை, அதாவது 3 பிரெட். ஒரு ஸ்டாக் (ஒரே கட்டத்தில் அடுக்கிய 64) கட்டு 192 பிரெட் ஆகிறது.

தண்ணீர் பக்கெட்டை ஹாட்பாரை (திரையின் கீழே உடனே கைக்கு வரும் வரிசை) விட்டு இறக்கவே இறக்காதீர்கள். உயரத்திலிருந்து விழும்போது காப்பாற்றும், உடம்பில் தீப்பிடித்தால் அணைக்கும், லாவாவைக் கல்லாக்கும், ஆழமான பள்ளத்திலிருந்து நீந்தி மேலேற வழி செய்யும். ஒரே கட்டத்தில் இவ்வளவு வேலை செய்யும் பொருள் வேறு இல்லை.

அடுத்தது பெட். இதில்தான் நிறைய பேருக்குச் சிக்கல் வருகிறது. மூன்று நாள் தூங்காமல் இருந்தால் ஃபாண்டம் என்ற அரக்கன் பறந்து வந்து தாக்கும், அதனால் பெட் கட்டாயம். ஆனால் வழியில் அதைப் போட்டுத் தூங்கினால் உங்கள் ஸ்பான் இடம் (செத்தால் மறுபடி எழும் இடம்) அங்கே மாறிவிடும். காலையில் பெட்டை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால், அதற்குப் பிறகு செத்தால் வீட்டில் எழ மாட்டீர்கள். வேர்ல்டு முதன்முதலில் தொடங்கிய இடத்தில் எழுவீர்கள். வீடு அங்கிருந்து ரொம்ப தூரம் என்றால் வெறுங்கையோடு ராத்திரியில் நிற்க வேண்டியதுதான். அதனால் வேர்ல்டு ஸ்பானில் ஒரு சின்ன அறை கட்டி, ஒரு செஸ்ட்டில் இரும்புக் கவசம் ஒரு செட், கொஞ்சம் சாப்பாடு, ஒரு பெட், ஒரு வாள் வைத்துவிடுங்கள். பயணச் சாமானில் பாதி இந்த அறைதான் என்று சொல்வேன். அப்புறம், ஆபத்தான குகைக்குள் இறங்கும் முன் வாசலிலேயே பெட்டைப் போட்டு ஒருமுறை தொட்டுவிட்டு, அதை அங்கேயே விட்டு இறங்குங்கள். வெளியே வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குத் திரும்பியதும் வீட்டுப் பெட்டை ஒருமுறை தொடுவது முக்கியம்.

செத்துப்போனால் கீழே விழுந்த சாமான் 5 நிமிடத்தில் மறைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பகுதி லோடு ஆகியிருக்கும்போதுதான் அந்த 5 நிமிடம் ஓடும். நீங்கள் ரொம்ப தூரத்தில் எழுந்தீர்கள் என்றால் கணக்கு நின்றுவிடும், நிதானமாகக் கவசம் போட்டுக்கொண்டு போகலாம். கூட்டாளி ஒருவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் தெருப் பையன்கள் ஒரே வைஃபையில் மொபைலில் சேர்ந்து விளையாடுவார்கள், நானும் சேர்ந்துகொள்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வரும், எங்கள் வேர்ல்டு அப்போதுதான் களைகட்டும். அங்கே பேசி வைத்த விதி இது: பக்கத்தில் யார் செத்தாலும், உயிரோடு இருப்பவர் முதலில் சாமானைப் பொறுக்க வேண்டும், சண்டை அப்புறம்.

கூட்டமாகப் போகும்போது பையும் மாறும். சாப்பாடு, டார்ச், பெட், தண்ணீர் பக்கெட் இந்த நாலும் ஆளுக்கு ஆள் தனியாக வேண்டும், ஏனென்றால் குகையில் பிரிந்துபோவது நிச்சயம். மரக்கட்டை, இரும்பு, நிலக்கரி, கோப்ள்ஸ்டோன் இதையெல்லாம் இரண்டு பேர் சுமந்தால் போதும். கடைசி ஆள் கிட்டத்தட்ட காலிப் பையோடு வரட்டும், கிடைப்பதை அவர் சுமப்பார். ‘அண்ணா, நான் மட்டும் ஏன் கூலி’ என்று சின்னப் பையன்கள் கேட்பார்கள். முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு இன்னும் வழி இருக்கிறது. 2022-இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து படகில் செஸ்ட் சேர்த்துக்கொள்ளலாம், அதில் 27 கட்டம். கடல் வழியாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. தரை வழி என்றால் கழுதையின் மேல் செஸ்ட் போட்டால் 15 கட்டம். நூல் ஒன்று, தோல் ஒன்று இருந்தால் ஒரு பண்டில் (சின்னப் பை) செய்துகொள்ளுங்கள். பூ, விதை என்று ஒன்றிரண்டாகக் கிடைப்பவை எல்லாம் அதற்குள் அடங்கும். இது எதுவும் இல்லையென்றாலும் பிறகு திரும்பி வரப்போகும் வழியில் ஒரு செஸ்ட் வைத்துச் சாமானை இறக்கிவிட்டு, கோஆர்டினேட்டை (இடத்தைக் காட்டும் எண்கள்) குறித்துக்கொண்டு மேலே போகலாம். கோஆர்டினேட்டைத் தாளில் எழுதுங்கள். ஞாபகத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

போர்ட்டல் என்ற வாசல் வழியாகப் போகும் நெருப்பு உலகமான நெதர் என்றால் பட்டியலே வேறு. பெட் அங்கே வெடிக்கும், தண்ணீர் ஆவியாகிவிடும், சாதாரண காம்பஸ் சும்மா சுற்றும். படகையும் எடுத்துவிடலாம். பெட், பக்கெட், படகு போன இடத்தில் தங்கச் செருப்போ தொப்பியோ ஒன்று (அதைப் போட்டிருந்தால் அங்கே வாழும் பிக்லின் தானாக வந்து தாக்காது), ஃபிளின்ட் அண்ட் ஸ்டீல் (தீ மூட்டும் கருவி) ஒன்று, இரண்டு ஸ்டாக் கோப்ள்ஸ்டோன். காஸ்ட் என்ற பறக்கும் அரக்கன் எறியும் நெருப்புப் பந்து போர்ட்டலை அணைத்துவிட்டால் ஃபிளின்ட் அண்ட் ஸ்டீல் இல்லாமல் திரும்ப முடியாது. கோப்ள்ஸ்டோன் சுவரை அந்தப் பந்தால் உடைக்க முடியாது, அதனால் போர்ட்டலைச் சுற்றி முதலில் சுவர் எழுப்புங்கள். அங்கே ஒரு பிளாக் நடந்தால் சாதாரண உலகில் 8 பிளாக் நடந்ததற்குச் சமம் என்பதால் குறுக்கு வழியாகவும் பயன்படுத்தலாம். முடிந்தால் ரெட்ஸ்டோன் சேர்த்த ஃபயர் ரெசிஸ்டன்ஸ் (தீ தாங்கும்) பானம் இரண்டு எடுங்கள். ஒன்று 8 நிமிடம் தாங்கும், ஆனால் பானம் ஸ்டாக் ஆகாது, இரண்டுக்கு மேல் வேண்டாம்.

என்டு என்ற கடைசி உலகத்துக்குப் போய் ஷல்கர் பாக்ஸ் (சாமானோடு பையில் வைக்கக்கூடிய பெட்டி) எடுத்த பிறகு இந்தக் கஷ்டம் பெரும்பாலும் போய்விடும், 27 கட்டம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அப்போதும் இந்த 15-ஐ வெளியிலேயே வைத்துக்கொண்டு, ஷல்கரைக் காலியாக எடுத்துப்போங்கள்.