மகாடி பேசும் வீட்டுக்குப் போகலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

தென்னாப்பிரிக்காவில் ஸ்டீல்பூர்ட் பக்கத்துச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, கூட வேலை பார்க்கும் பெடி இனத்து நண்பர் தன் தங்கைக்கு 'மகாடி' என்ற பரிசம் பேசும் நாளுக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பணம் எண்ணிக் கொடுப்பார்களாமே, அது பெண்ணுக்கு விலை பேசுவது அல்லவா, அந்த இடத்தில் போய் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். பொலோக்வானே நகரில் குடியேறிய பிறகு, பெடி மக்கள் வாழும் செகுகுனே பகுதியின் பல வீடுகளில் இதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே நடப்பது விற்பனை அல்ல.

நம் ஊரில் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தானே பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள்? அது தேய்ந்து வரதட்சணையாகத் தலைகீழாகப் போனது. பெடி மக்களிடம் அப்படி ஆகவில்லை. கொடுப்பது இன்றும் மாப்பிள்ளை வீடுதான். அந்தக் காலத்தில் மாடுகளாகவே ஓட்டி வந்தார்கள். இப்போது பெரும்பாலும் ராண்ட் நோட்டுகள். ஆனாலும் பேச்சில் 'இத்தனை மாடு' என்றே கணக்கு ஓடும்.

சனிக்கிழமை அதிகாலையிலேயே மாப்பிள்ளையின் மாமன்மாரும் சித்தப்பா, பெரியப்பாமாரும் வந்து வாசலுக்கு வெளியே நிற்பார்கள். கூப்பிடும்வரை உள்ளே வரமாட்டார்கள். தாமதமாக வந்தால் அதற்கும் அபராதம் கேட்கும் வீடுகள் உண்டு. மாப்பிள்ளை அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டார். பெண்ணைப் பெற்றவர்களும் நேரில் பேரம் பேசுவதில்லை. இரு தரப்புக்கும் நடுவே போய்வரும் தூதருக்கு 'மடிட்செலா' என்று பெயர். 'ஒரு சுரைக்குடுவை தண்ணீர் கேட்டு வந்திருக்கிறோம்' என்று அவர் தொடங்குவார். பெண் கேட்கும் முறையே அதுதான். பேச்சைத் தொடங்கி வைப்பதற்கென்றே முதலில் ஒரு சிறு தொகை வைக்க வேண்டும். நான் இருந்த ஒரு வீட்டில், தரையில் விரித்த பாயில் நோட்டுகளை வைத்தார்கள். பெண் தரப்புப் பெரியவர் அவசரமே இல்லாமல் எண்ணினார், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவரும் எண்ணினார். பிறகு பெண்ணை அழைத்து, 'இவர்களை உனக்குத் தெரியுமா?' என்று கேட்டார்கள். அவள் 'தெரியும்' என்று சொன்ன பிறகுதான் மேலே பேசினார்கள். பெண்ணின் தகப்பனாருக்குக் கோட்டும் கைத்தடியும், தாயாருக்குப் போர்வை என்று தனியாகச் சீர் உண்டு.

நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டியது பணத்தை அல்ல, பெண்ணின் தாய்மாமனை. அவரை 'மலோமே' என்பார்கள். வந்த மகாடியில் அவருக்குப் பங்கு உண்டு, அவரைக் கேட்காமல் எதுவும் முடிவாகாது. நம் தாய்மாமன் சீர் உங்களுக்கு நினைவுக்கு வரும். ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. பழைய பெடி முறையில், அக்காவுக்கு வந்த மாடுகளைக் கொண்டுதான் தம்பி தனக்குப் பெண் எடுப்பான். தன் கல்யாணத்தால் தம்பியின் குடும்பம் உருவானது என்பதால் அக்காவுக்கு அந்த வீட்டின் மேல் உரிமை உண்டு. நாளை அவன் மகளைத் தன் மகனுக்குக் கேட்பாள், அவன் கொடுக்கக் கடமைப்பட்டவன். மாமன் மகள்தான் அங்கேயும் முறைப்பெண்! ஒரு கல்யாணத்தில் வந்த மாடு அடுத்த கல்யாணத்துக்குப் போய், இரண்டு வீடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு விலை என்ற சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. இன்று நகரத்துப் பிள்ளைகள் முறைப்பெண்ணைத் தேடுவதில்லை என்றாலும், பெண்ணின் அத்தையான 'ரக்காடி'க்குச் சபையில் மதிப்புக் குறையவில்லை.

இதில் எனக்கு வருத்தம் தரும் பக்கமும் உண்டு. பெண் பட்டப்படிப்பு படித்தவள், சம்பாதிக்கிறாள் என்று தொகையை ஏற்றிக்கொண்டே போகும் குடும்பங்கள் இருக்கின்றன. கொடுக்க முடியாமல் பையன்கள் ஆண்டுக்கணக்கில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். பெடி நண்பர்களே இதைப் பற்றி மனம் நொந்து பேசிக் கேட்டிருக்கிறேன்.

இப்படி நடக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்ற உங்கள் சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வழக்காற்றுத் திருமணங்களை அங்கீகரிக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 2000 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் உள்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டாலும் கல்யாணம் செல்லும். ஆனால் கணவன் இறந்த பிறகு அதை நிரூபிக்க மனைவி படும் பாடு கொஞ்சமல்ல. நண்பர் நெருக்கமானவர் என்றால், பதிவு முடிந்ததா என்று பிற்பாடு ஒரு வார்த்தை கேளுங்கள்.

பேச்சு முடிந்ததும் ஆடோ மாடோ அறுப்பார்கள், இரு வீட்டாரும் இறைச்சியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். சோளமாவுக் களியும் 'மொரோகோ' என்ற கீரையும் கட்டாயம் இருக்கும், முன்கூட்டியே நண்பரிடம் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு கைகளாலும் வாங்குங்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு போங்கள். உங்கள் மனைவியும் வந்தால் தலையில் துணி கட்டிக்கொள்ளட்டும், சேலை உடுத்தலாம், அங்குள்ள பெண்கள் ஆசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பேச்சு நடக்கும் அறைக்குள் அவர்களாக அழைத்தாலொழியப் போக வேண்டாம், போனாலும் வாய் திறக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். எவ்வளவு தொகை பேசினார்கள் என்று நண்பரிடம்கூடக் கேட்காதீர்கள். அது குடும்பத்துக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

கல்யாணத்துக்கும் கட்டாயம் அழைப்பார். பெண் வீட்டில் ஒரு நாள், மாப்பிள்ளை வீட்டில் ஒரு நாள் என்று விருந்து நடக்கும். பெண்கள் 'ஹேலே' என்ற மரபு உடையில் வருவார்கள், ஆண்கள் குழல் ஊதி 'கிபா' ஆடுவார்கள். இரண்டு நாளுக்கும் விடுப்புச் சொல்லி வையுங்கள்.