உள்ளே போய்விடும் முடிச்சு – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

தைப்பூசத்துக்காக மகளின் பருத்திச் சட்டையில் மல்லிகை மொட்டு போல பிரெஞ்சு நாட் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் எம்பிராய்டரி முடிச்சு) போடுகிறேன். பாதி முடிச்சு துணிக்குள்ளே போய்விடுகிறது, மீதி தொளதொளவென்று நிற்கிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பட்டு நூல், மூன்று இழை. ஊசியில் மூன்று சுற்று சுற்றுகிறேன். எங்கே தப்பு?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கைக்கு,

முடிச்சு உள்ளே போகிறதென்றால், ஊசி மேலே வந்த அதே ஓட்டையில் திரும்பக் குத்துகிறீர்கள். முடிச்சு உட்கார அங்கே துணி இல்லை. துணியின் இரண்டு இழை தள்ளிக் குத்துங்கள். துணி மெல்லிசாக இருந்தால் அடியில் மல் துணி ஒன்றைச் சேர்த்து எம்பிராய்டரி வளையத்தில் மாட்டுங்கள்.

தொளதொளப்புக்குக் காரணம் இடது கை. துணியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலை இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கட்டும். ஊசியை அசைக்காமல் நூலை அதன்மேல் சுற்றுங்கள். நுனியைத் துணியில் குத்தி, ஊசியை நட்டுக்குத்தாக நிறுத்துங்கள். இப்போது நூலை இழுத்தால் சுற்று சறுக்கிக்கொண்டு துணிவரை இறங்கும். அது துணியைத் தொட்ட பிறகுதான் கீழிருந்து ஊசியை இழுக்க வேண்டும். கடைசிக் கண்ணி சுருங்கும் வரை இடது கை நூலை விடவே கூடாது. பலரும் ஊசி பாதி போனதுமே விட்டுவிடுகிறார்கள். இரண்டு கையும் வேண்டியிருப்பதால் வளையத்தை மேசை விளிம்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். சுற்றை இறுக்கிவிடவும் வேண்டாம். ஊசிக்காது அதற்குள் நுழையாது.

சாதாரண எம்பிராய்டரி ஊசியின் காது உடம்பைவிட அகலம், சுற்று அங்கேதான் சிக்கும். மில்லினர்ஸ் ஊசி கேட்டு வாங்குங்கள்; காதும் உடம்பும் ஏறக்குறைய ஒரே பருமன். இரண்டு இழைக்கு 7ஆம் எண், மூன்றுக்கு 5. எண் ஏற ஏற ஊசி மெலியும்.

மூன்று சுற்று வேண்டாம், சரிந்துவிடும். ஒன்று அல்லது இரண்டு போதும். பெரிய முடிச்சு வேண்டுமானால் இழையைக் கூட்டுங்கள். சந்தையில் பட்டு என்று விற்பது பல சமயம் ரேயான், வழுக்கும், பிரியும். ஆறு இழைப் பருத்தி நூலுக்கு மாறுங்கள், ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள்.

ஆனால் மல்லிகை மொட்டு நீளமானது. பிரெஞ்சு நாட் உருண்டையாகத்தான் வரும். என்னைக் கேட்டால் அதற்குப் புல்லியன் நாட்தான். ஊசியை மேலே எடுத்து, 6 மில்லிமீட்டர் தள்ளிக் குத்தி, முதல் ஓட்டையிலேயே நுனியை வெளியே கொண்டுவாருங்கள். நுனியில் நூலை ஏழெட்டுச் சுற்று சுற்றி, சுற்றுகளை விரலால் அமுக்கிக்கொண்டு ஊசியை இழுத்து, குத்திய இடத்திலேயே திரும்ப இறக்குங்கள். சுற்றின் நீளமும் தையலின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். கூடினால் மொட்டு வளையும், குறைந்தால் துணி சுருங்கும்.

ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி அடுத்த மொட்டு என்றால் நூலை முடித்து வெட்டுங்கள். பின்னால் இழுத்துக்கொண்டு போனால் வெள்ளைத் துணியில் தெரியும்.

துவைத்த பிறகு தடித்த துவாலைமேல் சட்டையைக் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி போடுங்கள். நேராகத் தேய்த்தால் மொட்டெல்லாம் சப்பையாகிவிடும்.