மணக்காத சந்தன மரம்

கேள்வி: ஐயா, எங்கள் கொல்லையில் ஆறு வருடத்துக்கு முன்பு பத்து சந்தனக் கன்று நட்டோம். ஆளுயரம் தாண்டி வளர்ந்துவிட்டது. பட்டையைச் சீவி முகர்ந்து பார்த்தால் பச்சை மர வாசனைதான் வருகிறது. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார், இது சந்தனமே இல்லை என்கிறார் பக்கத்துக் கொல்லைக்காரர். வெட்டிவிட்டு மாங்கன்று வைத்துவிடலாமா?
(ஆலங்காயம் வாசகர்)

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். மணம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நர்சரிக்காரரைக் குறை சொல்லவே முடியாது. சந்தனத்துக்கு இலையில் அந்த மணம் கிடையாது, பூவில் கிடையாது, பட்டையில் கிடையாது, பட்டைக்கு உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டையிலும் கிடையாது. நடுவில் பாய்கிற வைரம் என்கிற கெட்டிக் கட்டையிலும் வேரிலும்தான் எண்ணெய் இருக்கிறது, அந்த வைரம் பாய ஆரம்பிக்கவே பத்து, பதினைந்து வருடம் ஆகும். நான் சின்ன வயதில் திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு வழியாகப் போனால் மதில் சுவருக்கு வெளியே வரை மணக்கும். அதெல்லாம் ஜவ்வாது மலையில் பல வருடம் நின்று வைரம் ஏறிய மரங்கள்.

மணத்துக்குக் காரணம் சாண்டலால் என்கிற பொருள். ஆல்பா, பீட்டா என்று அதில் முக்கியமாக இரண்டு வகை. மரம் இதை எப்படிச் செய்கிறது என்பது ரொம்ப நாள் புரியாமலே இருந்தது. 2011இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாண்டலீன் என்ற முன்பொருளை உண்டாக்கும் நொதியின் மரபணுவைக் கண்டார்கள். அதோடு வேலை முடியவில்லை, சாண்டலீனில் ஒரு ஆக்சிஜன் ஏறினால்தான் அது சாண்டலால் ஆகும். ஆக்சிஜனை ஏற்றிவிடும் நொதிகளைப் பற்றி 2013இலும், வைரம் பாயும் கட்டையிலேயே தேடிப் பார்த்து 2016இலும் எழுதினார்கள். எண்ணெய் செய்யும் பட்டறை வைரத்தை ஒட்டித்தான் இருக்கிறது, அதனால் நீங்கள் பட்டையை எத்தனை முறை சீவினாலும் மணக்காது. சீவின காயத்தில் பூஞ்சைதான் ஏறும், அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சாண்டலாலின் ஒரு மூலக்கூறில் 15 கார்பன் அணு. மல்லிகை மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் பென்சைல் அசிடேட்டில் 9தான். கனம் கூடக்கூட ஆவியாவது மெதுவாகும். ராத்திரி தலையில் வைத்த மல்லி காலையில் ஓய்ந்துவிட, பாட்டியின் பெட்டியில் கிடக்கும் சந்தனக் கட்டை வருடக் கணக்கில் மணப்பது இதனால்தான்.

சரி, இனம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? இலை எதிரெதிராக ஜோடியாக இருக்க வேண்டும். பூ சின்னதாக, முதலில் வைக்கோல் நிறத்தில் பூத்து, அப்புறம் கருஞ்சிவப்பாக மாறும். பழம் பழுத்தால் கருநீலம். இவை ஒத்துவந்தால் கவலையை விடுங்கள்.

ஒன்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள், மரங்களுக்குப் பக்கத்தில் என்ன வளர்கிறது? சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அது தன் வேரை அடுத்த செடியின் வேரில் பதித்துத் தண்ணீரும் சத்தும் இழுக்கும், துணை இல்லாவிட்டால் தேறாது. சுத்தமாக இருக்கட்டும் என்று சுற்றிலும் கொத்திக் கட்டாந்தரையாக வைத்திருந்தால் இந்த மழைக்கே துவரையோ அகத்தியோ போடுங்கள், நீடித்த துணைக்குச் சவுக்கு வையுங்கள்.

இன்னொன்று, பட்டா நிலத்தில் வளர்த்தாலும் சந்தனத்தை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். மாங்கன்றுக்காக அவசரப்பட்டு வெட்டினால் மரமும் போகும், வழக்கும் வரும்.

கேள்வி: செம்மரத்தை ரத்த சந்தனம் என்கிறார்கள், அது ஏன் மணப்பதில்லை?
(வாணியம்பாடி வாசகி)

பதில்: பெயரில்தான் சந்தனம், அம்மா. செம்மரம் அவரைக் குடும்பத்து மரம், சந்தன மரத்துக்கு உறவே இல்லை. அதன் வைரத்தில் இருப்பது சாண்டலின் என்ற சிவப்புச் சாயம். சாண்டலால், சாண்டலின் என்று பெயர் ஒலி ஒத்துப்போவதால் குழம்ப வேண்டாம், ஒன்று மணம், இன்னொன்று நிறம். கடையில் வாங்கிய ரத்த சந்தனத் தூள் சந்தனம் போலக் கமகமவென்று மணந்தால், அதில் வேறு ஏதோ வாசனை சேர்த்திருக்கிறார்கள். அதைக் குழந்தையின் முகத்தில் பூசாதீர்கள்.