1,800 சீட்டு, 11 மெஷின்: ஸ்டால் போட்டும் ஏன் ஓடல?

கேள்வி: கோவையில வாட்டர் ப்யூரிஃபயர் டீலர்ஷிப் வெச்சிருக்கேன். கொடிசியா எக்ஸிபிஷன், அப்பார்ட்மென்ட் வாசல், சூப்பர் மார்க்கெட் முன்னாடின்னு ஸ்டால் போட்டு லக்கி டிரா சீட்டு எழுதி வாங்குறோம். போன சீசன்ல 1,800 சீட்டு சேர்ந்துச்சு, வித்தது 11 மெஷின். ஸ்டால் வாடகைக்கே கட்டுபடியாகல. இப்ப ஒருத்தர் நம்பரையெல்லாம் மொத்தமா விலைக்குக் கேக்குறாரு, குடுத்துடலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: வணக்கம்ங்க. நம்பரை விக்கிற பேச்சே வேண்டாம். குலுக்கலுக்குன்னு சொல்லி வாங்கின நம்பர் அது, 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எதுக்குன்னு சொல்லி வாங்கினோமோ அதுக்குத்தான் பயன்படுத்தணும், 2025 நவம்பர்ல விதிகளும் வந்தாச்சு, படிப்படியா அமலுக்கு வருது. அதை விடுங்க, உங்க ஸ்டால்ல எழுதிக் குடுத்த அம்மாவுக்கு நாளைக்கு லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு போன் வந்தா யாரைத் திட்டுவாங்க?

நீங்க அனுப்பின சீட்டைப் பாத்தேன். பேரு, போன், அட்ரஸ், பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் இருக்கு, வீட்டுக்கு என்ன தண்ணி வருதுன்னு ஒரு வரி இல்ல! கோவையில இதைக் கேக்காம ப்யூரிஃபயர் விக்க முடியுமாங்க? சிறுவாணி வர்ற வீட்டுல ஆர்ஓ, அதாவது தண்ணியில கரைஞ்ச உப்பை எடுக்கிற மெஷின், பேசினா சிரிப்பாங்க. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்துல டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற தண்ணியே இல்லாத இடத்துல 2,000 வரைக்கும்னு இருக்கு, சிறுவாணி 500-க்கு எவ்வளவோ கீழ, அவங்களுக்கு கிருமியை மட்டும் கொல்ற ஒரு யுவி மாடல் போதும். போர் தண்ணியிலயும் கேன்லயும் ஓட்டுறவங்கதான் உங்க ஆர்ஓ கஸ்டமர். பிறந்தநாளை அடிச்சுட்டு சிறுவாணியா, பில்லூரா, போரா, கேனான்னு போடுங்க, கூடவே இப்ப என்ன மெஷின் இருக்கு, எப்ப கூப்பிடலாம், இந்த ரெண்டும். கீழ 'இது சம்பந்தமா எனக்கு போன் பண்ணலாம்'னு ஒரு டிக்.

அடுத்தது பசங்க சம்பளம். ஒரு சீட்டுக்கு இவ்வளவுன்னு குடுத்தா போற வர்றவங்களையெல்லாம் புடிச்சு எழுதத்தான் செய்வாங்க, ஸ்கூல் பையன் நம்பர்கூட இருக்கும். வீட்டுக்குப் போய் டெமோ முடிஞ்சா இவ்வளவு, மெஷின் போனா இவ்வளவுன்னு மாத்துங்க. சீட்டு பாதியா குறையும், குறையட்டும்.

டெமோன்னதும் ஞாபகம் வருது, ரெண்டு கம்பியை தண்ணியில விட்டு கரண்ட் குடுத்து காப்பி கலர்ல காட்டுறது இன்னும் நடக்குது. அந்தக் கலர் பெரும்பாலும் இரும்புக் கம்பி கரையறதுதான், அழுக்கு இல்ல, அதை உங்க பசங்க பண்ணினா நிறுத்துங்க. டிடிஎஸ் மீட்டரை அவங்க கையிலயே குடுத்து அவங்க வீட்டுத் தண்ணியை அவங்களே பாக்க வைங்க, அது போதும்.

ஃபாலோ-அப் பத்தி எழுதவே இல்லையே நீங்க? எக்ஸிபிஷன் முடிஞ்சு பத்து நாள் கழிச்சுக் கூப்பிட்டா எந்த ஸ்டால்னே ஞாபகம் இருக்காது. அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப்புல கடை பேரோட ஒரு மெசேஜ், மறுநாள் அவங்க சொன்ன நேரத்துக்கு ஒரு போன். வேண்டாம்னா விட்டுடுங்க, தொல்லை போன் பத்தி சொல்ற 1909 நம்பருக்கு கம்ப்ளைன்ட் போச்சுன்னா உங்க நம்பருக்கே சிக்கல்.

உண்மையான காசு நீங்க தூக்கிப் போட்ட சீட்டுல இருக்கு. 'ஏற்கனவே ஆர்ஓ இருக்கு'ன்னு சொன்னவங்களைக் கழிச்சுட்டேன்னு எழுதியிருக்கீங்க, ஏங்க? புது மெஷின் அவங்க வாங்க மாட்டாங்க, ஆனா ஃபில்டர் மாத்தணும், மெம்பரேன் மாத்தணும், பாதிப் பேரு சர்வீஸுக்கு ஆள் வரலன்னு புலம்பிட்டுத்தான் இருப்பாங்க. அவங்ககிட்ட ஏஎம்சி, அதாவது வருஷ சர்வீஸ் கான்ட்ராக்ட், பேசுங்க, வருஷா வருஷம் வர்ற காசு அது, மெஷின் பழசாச்சுன்னா உங்ககிட்டதான் கேப்பாங்க. மத்த கம்பெனி மாடலுக்கு ஸ்பேர் கிடைக்குமான்னு மட்டும் முன்னாடியே பாத்துக்கங்க.

புது ஸ்டாலுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பழைய சீட்டுக் கட்டைப் பிரிச்சு இவங்களை மட்டும் தனியா எடுங்க, சீட்டு எழுதினப்ப போன் பண்ணலாமான்னு கேக்காததால மொதல்ல ஒரே ஒரு மெசேஜ் போட்டு கேட்டுட்டு, சரின்னவங்களை மட்டும் கோடை வெயில் ஏறறதுக்குள்ள கூப்பிட்டு முடிங்க.